பழைய சின்ன விமானத்துக்கு டேங்க் மூடி வாங்கணுமா? முதல்ல காத்து எந்த வழியா உள்ள போவுதுன்னு பாருங்க

பழைய ரெண்டு சீட்டு விமானத்தை எழுப்பி நிறுத்துற வேலையில புதுசா சேர்ற பிள்ளைங்க எஞ்சினைக் கேப்பாங்க, புரொப்பெல்லரைக் கேப்பாங்க, இறக்கையில துணி ஒட்டுறது எப்படின்னு கேப்பாங்க, பெட்ரோல் டேங்க் மூடியை மட்டும் யாரும் கேக்குறதே இல்ல. திருகி மூடுற சாமானம்தானே, அளவு சரியா இருந்தா போட்டுக்கிடலாம்னு நெனச்சுக்கிடுறாங்க. அந்த நெனப்பை மாத்தத்தான் இதை எழுதுறேன். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துல இருந்து ஏஎம்இ, அதாவது விமானப் பராமரிப்பு எஞ்சினியர் படிப்பு படிக்கப் போற பிள்ளைங்க இப்போ நெறைய பேர் இருக்காங்க, படிச்சுட்டு வெளிநாட்டுல பழைய பைப்பர், செஸ்னா மாதிரி சின்ன விமானம் வச்சிருக்கவங்க கிட்ட வேலைக்குச் சேருறவங்களும் உண்டு, அவங்களை மனசுல வச்சுதான் இது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல ஏர்போர்ட் கிடையாது, கிட்டத்துல இருக்கது திருவனந்தபுரம்தான். அது 1932ல கோதவர்ம ராஜா முயற்சியில ஃப்ளையிங் கிளப்பா ஆரம்பிச்ச இடம், அப்போ நம்ம ஊரும் திருவிதாங்கூர்தான், 1956 நவம்பர் 1க்குத்தான் தமிழ்நாட்டோட சேர்ந்தோம். அதனால விமானம் நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதின்னு யாரும் ஒதுங்க வேண்டாம்.

அடிப்படை இதுதான்

குளச்சல், முட்டம், தூத்தூர் கடற்கரையில வள்ளத்துல அவுட்போர்டு எஞ்சின் ஓட்டுற அண்ணன்மாரைக் கேளுங்க, டேங்க் மூடியில இருக்க காத்துத் திருகைத் தொறக்காம எஞ்சினை இழுத்தா என்ன ஆகும்னு. ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச தூரம் நல்லாவே ஓடும், அப்புறம் திணறி நின்னுடும். எண்ணெய் வெளிய போற அளவுக்கு உள்ள காத்து வரணும், வரலன்னா டேங்குக்குள்ள வெற்றிடம் கூடிக்கிட்டே போய் எண்ணெயைப் பிடிச்சு நிறுத்திடும். விமானத்துலயும் இதேதான். கடல்ல எஞ்சின் நின்னா திருகைத் தொறந்துட்டு திரும்ப இழுக்கலாம், மேல போயிட்டா டேங்க் மூடி கைக்கு எட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாத்துக்கிடுவோம். பைப்பர் ஜே-3 கப் விமானத்துல மூக்குப் பக்கம், பைலட் கண்ணாடிக்கு முன்னாடி 12 அமெரிக்க கேலன் டேங்க், அதாவது சுமார் 45 லிட்டர். பம்ப் கிடையாது, பெட்ரோல் தானா இறங்கித்தான் கார்புரேட்டருக்குப் போவும். டேங்க்ல 35 லிட்டர் ஊத்தியிருக்கோம், மேல 10 லிட்டர் காலி இடம்னு வைங்க. மூடி காத்துப் புகாம அடைச்சிருந்தா, 1 லிட்டர் வெளிய போனதும் அந்தக் காலி இடம் 11 லிட்டர் ஆகும், உள்ள இருக்க காத்தழுத்தம் பதினொண்ணுல ஒரு பங்கு, சுமார் 90 மில்லிபார் குறையும். 90 மில்லிபார்ங்கது 1.3 மீட்டர் உயர பெட்ரோல் தம்பத்துக்குச் சமம். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல அவ்வளவு உயரமே இந்த விமானத்துல கிடையாது, அப்போ ஒரு லிட்டர் முழுசா இறங்குறதுக்கு முன்னாடியே பெட்ரோல் நின்னுடும். பெட்ரோல் ஆவி கொஞ்சம் அந்த இடத்தை நிரப்பும், அதனால கணக்கு அப்படியே புள்ளி மாறாம அமையாது, ஆனா போக்கு இதுதான். மணிக்கு 20 லிட்டர் குடிக்கிற எஞ்சினுக்கு ஒரு லிட்டர்ங்கது மூணு நிமிஷம், அதாவது ஓடுபாதையை விட்டு எழும்பி முதல் திருப்பம் திரும்புற நேரம். தரையில நிறுத்தி எஞ்சினை ஓட்டிப் பாக்குறப்போ அவ்வளவு பெட்ரோல் போகவே போகாது, எல்லாம் சரின்னு காட்டும். இதனாலதான் இந்தக் கோளாறு இவ்வளவு பொல்லாதது.

வாங்குறதுக்கு முன்னாடி: உங்க விமானம் எப்படி மூச்சு விடுதுன்னு கண்டுபிடிங்க

கடைக்குப் போறதுக்கோ இன்டர்நெட்டுல தேடுறதுக்கோ முன்னாடி செய்ய வேண்டிய வேலை இது. டேங்குக்குக் காத்து போற வழி எத்தனை, எங்கெங்க இருக்குன்னு பேப்பர்ல ஒரு படம் வரைஞ்சுக்கிடுங்க. பார்ட்ஸ் கேட்டலாக், டைப் சர்ட்டிபிகேட் டேட்டா ஷீட் (அந்த மாடலுக்கு அனுமதி குடுத்த விவரத்தாள்), அந்த மாடலுக்கு வந்த ஏடிகள் (கட்டாயம் செய்யணும்னு அரசு போடுற பாதுகாப்பு உத்தரவு), கம்பெனி அனுப்புற சர்வீஸ் புல்லட்டின் எல்லாத்தையும் எடுத்து வச்சுட்டு, அதுக்கப்புறம் விமானத்துக்கிட்ட போய் குழாயைக் கையால தொட்டுத் தொட்டுப் பின்தொடருங்க, ஏன்னா 70, 80 வருஷம் ஓடுன விமானத்துல யார் யாரோ என்னென்னவோ மாத்தியிருப்பாங்க, பேப்பர்ல இருக்கது ஒண்ணு, உள்ள கெடக்கது வேற ஒண்ணா இருக்கும்.

ஜே-3ல தனியா வென்ட் குழாய், அதாவது டேங்குக்குக் காத்து போற குழாய் கிடையாது, மூடி வழியாத்தான் காத்து. அந்த மூடியிலதான் தக்கை மிதவையும் அதுக்க கம்பியும் இருக்கு, கம்பி எவ்வளவு வெளிய நீட்டிக்கிட்டு இருக்கோ அதான் பெட்ரோல் அளவு. அதனால அந்த மூடி அளவுகாட்டியும் ஆச்சு, மூச்சுக்குழாயும் ஆச்சு. கம்பி இல்லாத வேற மூடியைக் கொண்டு மூடினா ரெண்டும் சேர்ந்து போயிடும்.

பைப்பர் சூப்பர் கப், பிஏ-18ல டேங்க் ரெண்டு இறக்கையிலயும் இருக்கு. மூடி மேல வளைஞ்ச சின்னக் குழாய் முன்பக்கம் பாத்து நிக்கும். பழைய செஸ்னா 150, 172 வகையில இறக்கைக்குக் கீழ, தாங்குகம்பிக்குப் பின்னாடி மறைவா ஒரு வென்ட் குழாய் இருக்கும், அது அடைச்சுக்கிட்டா கைகொடுக்க வென்ட் உள்ள மூடியும் வேணும். 1979ல அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ 79-10-14னு ஒரு ஏடி போட்டு செஸ்னாவோட பல சின்ன மாடலுக்கு வென்ட் உள்ள மூடி மாட்டச் சொன்னது இதுக்காகத்தான். கைக்கு வந்த செஸ்னாவுல அந்த ஏடி முடிச்ச பதிவு லாக்புக்குல (விமானத்துக்க வேலைப் பதிவேடு) இருக்கான்னு பாருங்க, இருந்தாலும் மூடியைக் கழட்டி உங்க கண்ணால பாருங்க, நடுவுல யாராவது மூடி தொலைஞ்சு போய் வேற ஒண்ணு போட்டிருக்கலாம்.

தாழ்ந்த இறக்கை விமானம் பலதுல வென்ட் இறக்கைக்கு அடியில தனியா இருக்கும், மூடி காத்துப் புகாத அடைப்பு மூடியாத்தான் இருக்கணும். அங்க போய் வென்ட் மூடி போட்டா இறக்கைக்கு மேல இருக்க உறிஞ்சல்ல பெட்ரோல் வெளிய இழுத்துக்கிட்டுப் போயிடும். அதனால வென்ட் மூடி எப்பவும் நல்லது, அடைப்பு மூடி எப்பவும் கெட்டதுன்னு மனப்பாடம் பண்ணிக்கிடாதீங்க. இந்த டேங்குக்கு எதுன்னு கேக்கணும்.

நம்ம நாட்டுல கைக்கு வரக்கூடிய பழசுன்னா ரெட்டை இறக்கை டைகர் மாத், அதுக்கப்புறம் நம்ம அரசு விமானக் கம்பெனி எச்ஏஎல் பண்ணுன புஷ்பக். டைகர் மாத்துல மேல் இறக்கைக்கு நடுவுல 19 இம்பீரியல் கேலன் டேங்க், அதுவும் தானா இறங்குறதுதான். புஷ்பக் 1958ல முதல்ல பறந்தது, 90 குதிரைசக்தி கான்டினென்டல் எஞ்சின், ஒரு காலத்துல ஃப்ளையிங் கிளப்ல எல்லாம் அதுல படிச்சவங்கதான் ஜாஸ்தி. இதுக்கெல்லாம் அந்தந்த மேனுவலைத்தான் நம்பணும், ஜே-3க்குச் சரியா இருந்ததுன்னு இதுக்கும் போடக் கூடாது.

மூடியைக் கையில எடுத்துப் பாக்குறது

திருப்பிப் போட்டு அடிப்பக்கம் பாருங்க, மேல்பக்கம் எல்லாம் ஒரே மாதிரித்தான் இருக்கும். அடியில ஒண்ணுமே இல்லாம தட்டையா கேஸ்கட் மட்டும் இருந்தா அடைப்பு மூடி. சின்ன ஓட்டையும் அதுக்குக் கீழ ஒரு தடுப்புத் தகடும் இருந்தா சாதாரண வென்ட் மூடி, தகடு இருக்கது பெட்ரோல் அலசி வெளிய தெறிக்காம இருக்கதுக்கு. மேல குழாய் நீட்டிக்கிட்டு இருந்தா முன்காத்தைப் பிடிக்கிற மூடி. நடுவுல ரப்பர் இதழோ ஸ்பிரிங் வச்ச சின்ன வால்வோ இருந்தா ஒருவழி மூடி, காத்தை உள்ள விடும், பெட்ரோலை வெளிய விடாது.

ஒருவழி மூடியைச் சோதிக்க மெடிக்கல் கடையில 50 மில்லி சிரிஞ்சு ஒண்ணு வாங்கிக்கிடுங்க, கூட கொஞ்சம் பிளாஸ்டிக் குழாய். வெளிப்பக்கத்துல இருந்து மெதுவா காத்தைத் தள்ளினா தடையில்லாம உள்ள போகணும், அடிப்பக்கத்துல இருந்து தள்ளினா பிடிச்சு நிறுத்தணும். வாயால ஊதியோ உறிஞ்சியோ பாக்காதீங்க, 100எல்எல்ங்கிற விமான பெட்ரோல்ல ஈயம் இருக்கு. பழைய மூடியில அந்த ரப்பர் இதழ் வெயில்ல வெறச்சுப் போய் ஒட்டிக்கிட்டிருக்கும், பாக்க புதுசு மாதிரி இருந்தாலும் காத்து போவாது. அந்த மாதிரி மூடியை ஊசியால நோண்டிச் சரிபண்ணி மாட்டாதீங்க, மாத்துங்க.

குழாய் எந்தப் பக்கம் பாக்குது

இதுலதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன். விமானம் மணிக்கு 130 கிலோமீட்டர்ல போறப்போ முன்னாடி பாத்து நிக்கிற குழாய்க்குள்ள எதிர்காத்து தள்ளுற அழுத்தம் சுமார் 8 மில்லிபார், அதாவது 11 சென்டிமீட்டர் பெட்ரோல் தம்பம். சின்னதாத் தெரியும், ஆனா தானா இறங்குற டேங்க்ல மொத்தமே அரை மீட்டர் போல உயரந்தான் இருக்குன்னா 11 சென்டிமீட்டர் பெரிய உதவி. குழாய் பின்னாடி திரும்பியிருந்தா உதவி போனது மட்டுமில்ல, இறக்கைக்கு மேல ஏற்கெனவே அழுத்தம் குறைவு, குழாய் வாயில உறிஞ்சலும் சேரும், அப்போ முன்னாடி பாக்குறதுக்கும் பின்னாடி பாக்குறதுக்கும் நடுவுல 20 சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்துடும். டேங்க்ல பெட்ரோல் கொறஞ்சு, மூக்கைத் தூக்கி ஏறுற நேரத்துல அந்த 20 சென்டிமீட்டர்தான் எஞ்சின் ஓடுறதா நிக்கிறதான்னு தீர்மானிக்கும். ரெண்டு டேங்க் உள்ள விமானத்துல ஒரு மூடி முன்னாடியும் ஒண்ணு பின்னாடியும் பாத்தா ஒரு டேங்க் வேகமா காலியாகும், இன்னொண்ணு அப்படியே நிக்கும், பைலட் அளவுகாட்டி கெட்டுப்போச்சுன்னு நெனப்பாரு.

சில மூடி திருகுற மாதிரி, திருகி முடிச்ச இடம் கேஸ்கட் கனத்தைப் பொறுத்து மாறும். புது கேஸ்கட் போட்டதும் குழாய் சரிஞ்சு நிக்கும். அப்படி இருந்தா மூடியை அரைகுறையா லூசாக்கி முன்னாடி திருப்பி வைக்கிறது கூடாது, மேனுவல்ல சொன்ன கேஸ்கட் கனத்தை வாங்கிப் போடணும். சரியா நின்னதும் மூடியிலயும் டேங்க் கழுத்துலயும் ஒரே கோடா சிவப்புப் பெயின்ட் அடையாளம் போட்டுடுங்க, தூரத்துல இருந்தே தெரியும்.

அடைப்பு மூடியில நாமளே டிரில் போட்டு ஓட்டை போட்டா வென்ட் மூடி ஆயிடாதான்னு கேக்குறவங்க உண்டு. ஆகாது. இறக்கைக்கு மேல வெறும் ஓட்டை போட்டா அது காத்தை உள்ள விடுறதை விட பெட்ரோலை வெளிய உறிஞ்சத்தான் செய்யும், மழையில தண்ணியும் இறங்கும். நமக்கு தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு மழையும் உண்டு, திறந்த வெளியில நிக்கிற விமானத்துல அந்த ஓட்டை வழியா தண்ணி சேர எவ்வளவு நேரம் ஆகும்? கோட்டாறு பக்கம் நல்ல லேத் பட்டறை இருக்கு, எந்த மூடியைக் குடுத்தாலும் அச்சு அசலா கடைஞ்சு தந்துடுவாங்க, அவங்க திறமையில எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா விமானத்துல மாட்டுற சாமானத்துக்கு பார்ட் நம்பரும் பேப்பரும் வேணும், பேப்பர் இல்லன்னா ஏஎம்இ கையெழுத்துப் போட மாட்டாரு, போடவும் கூடாது.

ரப்பர் சமாச்சாரம்

இது நம்ம ஊர்க்காரங்களுக்குன்னு தனியா சொல்றது. குலசேகரம், அருமனை பக்கம் எல்லாம் ரப்பர் தோட்டம், ரப்பர் நம்ம மண்ணுக்க சாமானம், கேஸ்கட் போச்சுன்னா டியூப் ரப்பரை வெட்டிப் போடுறது நமக்குப் பழக்கம். தண்ணிப் பைப்புக்கு அது சரி, பெட்ரோல் டேங்குக்கு வேண்டவே வேண்டாம். மரத்துல இருந்து வர்ற இயற்கை ரப்பர் பெட்ரோல்ல ஊறி வீங்கிடும், மெதுமெதுன்னு ஆகி பிஞ்சு பிஞ்சு டேங்குக்குள்ள விழும், அங்கேந்து ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் போவும். வீங்குன ரப்பர் வென்ட் ஓட்டையையே மூடிடவும் செய்யும். பெட்ரோலுக்கு நைட்ரைல் ரப்பர், இல்லன்னா ஃப்ளூரோசிலிகோன், மேனுவல் எது சொல்லுதோ அது. நைட்ரைலும் வெயில்லயும் உப்புக்காத்துலயும் வருஷக்கணக்குல கெடந்தா வெறச்சு வெடிக்கும், நகத்தால அமுக்கிப் பாத்தா பள்ளம் விழுந்து திரும்பி வரணும்.

பெட்ரோல் பங்க்ல இப்போ கிடைக்குற பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கு. பழைய விமானத்துக்க தக்கை, கேஸ்கட், மிதவை மேல பூசியிருக்க வார்னிஷ் எல்லாம் எத்தனாலை மனசுல வச்சுப் பண்ணுனதே இல்ல. ஜே-3 மாதிரி தக்கை மிதவையில அந்தப் பூச்சு கரைஞ்சா கம்பி ஒட்டிக்கிட்டு நிக்கும், பூச்சு கார்புரேட்டருக்குப் போவும். விமான பெட்ரோலே ஊத்துங்க, 100எல்எல் 2022ல இருந்து இந்தியன் ஆயில் நம்ம நாட்டுலயே வடோதரா ஆலையில தயாரிக்குது.

மாட்டிட்டு சோதிக்கிறது

புது மூடி மாட்டியாச்சுன்னா பறக்குறதுக்கு முன்னாடி ஃப்ளோ டெஸ்ட், அதாவது பெட்ரோல் எவ்வளவு வேகமா இறங்குதுங்கிற சோதனை எடுக்கணும். லைசென்ஸ் உள்ள ஏஎம்இ கூட இருக்கணும், வெளிய திறந்த இடத்துல, விமானத்துக்கும் கேனுக்கும் எர்த் வயர் போட்டு, தீயணைப்பான் பக்கத்துல வச்சு. கார்புரேட்டர்ல சேருற இடத்துல குழாயைக் கழட்டி, அதே உயரத்துல பிடிச்சு, அளவு போட்ட கேன்ல இறக்கணும். வால் சக்கர விமானம் நிக்கிறப்பவே மூக்கு தூக்கித்தான் இருக்கும், ஏறுற கோணம் அதை விட அதிகம்னா முன்சக்கரத்துக்குப் பலகை குடுத்துத் தூக்குங்க.

தானா இறங்குற அமைப்புக்கு விதி என்னன்னா டேக்ஆஃப்ல எஞ்சின் குடிக்கிறதுல 150 சதவீதம் வரணும். மணிக்கு 20 லிட்டர் எஞ்சினா இருந்தா 30 லிட்டர், நிமிஷத்துக்கு அரை லிட்டர்.

ஒரே ஒரு தடவை பாத்துட்டு விட்டுடாதீங்க. டேங்க்ல கொஞ்சமா பெட்ரோல் வச்சு ஒரு தடவை பாக்கணும், ஏன்னா அப்போதான் இறங்குற உயரம் கொறவு. ஆனா அந்தச் சோதனையில வென்ட் அடைப்பு சீக்கிரம் தெரியாது, காலி இடம் பெருசா இருக்கதுனால வெற்றிடம் உருவாக நேரம் ஆகும். அதனால முக்கால்வாசிக்கு மேல ஊத்தி இன்னொரு தடவையும் பாக்கணும், அப்போ அடைப்பு இருந்தா சட்டுனு காட்டிக் குடுத்துடும். நிறைஞ்ச டேங்க்ல மூடி போட்டு அஞ்சாறு லிட்டர் விடாம இறக்குங்க, ஒவ்வொரு நிமிஷமும் எவ்வளவு வந்துதுன்னு எழுதுங்க. பெட்ரோல் மட்டம் இறங்க இறங்க அளவு கொஞ்சமா கொறையத்தான் செய்யும், அது சாதாரணம். அப்படியில்லாம மளமளன்னு கொறைஞ்சா ஓட்டத்தை நிறுத்தாமலே மூடியைத் தொறங்க. உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்து, பெட்ரோல் திரும்ப வேகமா வந்தா மூடிதான் குற்றவாளி. தொறந்தும் மாறலன்னா வால்வு, ஃபில்டர், குழாய்னு வேற பக்கம் தேடுங்க.

தரையில எடுக்குற சோதனை காத்து வழி தொறந்திருக்கான்னுதான் சொல்லும், பறக்கும்போது வர்ற உறிஞ்சலைச் சொல்லாது. அதுக்குத்தான் குழாய்த் திசையை அவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

அப்புறம் தினசரி பாக்க வேண்டியது

குளவி. நம்ம பக்கம் மண்குளவிக்கு எந்த ஓட்டை கிடைச்சாலும் போதும், வென்ட் குழாய் அதுக்கு ரொம்பப் பிடிச்ச அளவு. மூடிக் குழாயையும் கீழ் வென்ட்டையும் ஒவ்வொரு தடவை பறக்குறதுக்கு முன்னாடியும் உள்ள எட்டிப் பாருங்க. நிறுத்தி வைக்கிறப்போ டேப் ஒட்டி அடைச்சுடலாம்னு தோணும், டேப் கண்ணுல படாம அப்படியே பறக்கப் போயிடுவாங்க. உறை போடுறதா இருந்தா நீளமான சிவப்பு நாடா தொங்குற உறை போடுங்க.

விளிம்பு வரை நிரப்பிட்டு வெயில்ல விட்டுடாதீங்க. 50 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி சூடேறினா ஏறக்குறைய 1 லிட்டர் விரியும், அது எங்கேயாவது போகத்தானே செய்யும், வென்ட் வழியா இறக்கைத் துணி மேல வழியும். 100எல்எல் நீல நிறம், மூடிக்குப் பின்னாடி நீலக் கறை வால் மாதிரி நீண்டிருந்தா பறக்கும்போது உறிஞ்சி வெளிய போவுதுன்னு அர்த்தம், கேஸ்கட்டையோ மூடி வகையையோ மறுபடி பாக்கணும்.

எறங்கி வந்ததும் எஞ்சினை நிறுத்திட்டு மூடியை மெதுவா தொறந்து காதைக் குடுங்க. காத்து உள்ள இழுக்குற சத்தம் கேட்டா வென்ட் வேலை செய்யல, அடுத்த தடவை மாத்திக்கிடலாம்னு தள்ளிப் போடாதீங்க, லாக்புக்குல எழுதி விமானத்தை நிறுத்தி வைங்க. டேங்க் தகடு உள்வாங்கி சப்பிக் கெடந்தாலும் அதே காரணந்தான், அப்போ டேங்கையும் வெளிய எடுத்து தையல், ஒட்டு எல்லாம் கசியுதான்னு பாத்துதான் திரும்ப மாட்டணும்.